பாறு கழுகு போனதால் 5 லட்சம் பேர் செத்தார்களா? இந்தக் கணக்கை நம்பலாமா?

மாயாற்றுக்கரை எழுதியது:

ரொம்ப நாளாக இதை இங்கே போட நினைத்திருந்தேன். 2024 அக்டோபரில் அமெரிக்கன் எகனாமிக் ரெவ்யூ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள். இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் (பாறு என்பதும் இவைதான்) கிட்டத்தட்ட இல்லாமல் போன பிறகு, அவை முன்பு நிறைய இருந்த மாவட்டங்களில் மனிதச் சாவு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது என்கிறார்கள். 2000 முதல் 2005 வரை மட்டும் கூடுதலாகச் செத்தவர்கள் சுமார் 5 லட்சம் பேராம்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எண்பதுகளில் இந்தப் பறவை கோடிக்கணக்கில் இருந்தது. மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி தொண்ணூறுகளில் மலிவாகப் புழக்கத்துக்கு வந்தது. ஊசி போட்டும் பிழைக்காமல் செத்த மாட்டைத் தின்ற கழுகு, சிறுநீரகம் கெட்டுச் செத்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்தது. ஆயிரத்தில் ஒன்றுதான் மிச்சம். இவ்வளவு வேகமாக ஒரு பறவை அழிந்த கதை அதிகம் இல்லை.

நான் மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் பறவை பார்க்கப் போகிறவன். ஆற்றோரம் நிற்கும் நீர்மருது மரங்களில்தான் வெண்முதுகுப் பாறு கூடு கட்டும். கீழே இலையெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி எச்சம் கிடக்கும். கூட்டைத் தேட முதலில் மேலே பார்க்கக் கூடாது, கீழே பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. அந்தக் குஞ்சு இணைசேரும் வயதுக்கு வர ஐந்து வருடம் ஆகும். ஆகவே போனது திரும்ப வர எத்தனை காலம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பறவையை விட்டுவிடுங்கள், அது எனக்குத் தெரியும். மனிதச் சாவுக் கணக்குத்தான் உறுத்துகிறது. இது சரிதானா?

---

சும்மா வந்தவன் எழுதியது:

கழுகு செத்தால் மனிதன் எப்படிச் சாவான்? நேரடியாகச் சொல்லுங்கள்.

---

மாயாற்றுக்கரை எழுதியது:

ஊருக்கு வெளியே செத்த மாடுகளைப் போடும் திடல் இருக்கும். தோலை உரித்துக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சத்தை ஒரு பாறுக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அதன் இரைப்பை அமிலத்தில் பல கிருமிகள் தப்பாது. பாறு இல்லாவிட்டால் அந்தச் சடலம் அங்கேயே அழுகும், இல்லையென்றால் ஆற்றில் தள்ளப்படும். தண்ணீர் கெடும். தெருநாய்களுக்கும் எலிகளுக்கும் விருந்து. நாய் பெருகினால் கடி, கடியோடு வெறிநோய். இதுதான் பாதை.

---

கணக்குப்புலி எழுதியது:

கதை நன்றாக இருக்கிறது. கதை நன்றாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும்.

1994 முதல் 2005 வரை நாட்டில் மாறாத விஷயம் எது? நகரங்கள் வீங்கின, விவசாயம் மாறியது, பதிவேடுகளே மாறின. இதில் சாவு விகிதம் 4 சதவீதம் ஏறியதைத் தூக்கி ஒரு பறவையின் தலையில் வைப்பதா? அந்த 5 லட்சம் பேரில் ஒருவரின் இறப்புச் சான்றிதழிலாவது ‘கழுகு இல்லாமையால்’ என்று எழுதியிருக்கிறதா?

கட்டுரையைப் படித்துவிட்டுத் திரும்ப வருகிறேன்.

---

ஊசிக்காரர் எழுதியது:

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயரைப் பார்த்தே புரிந்திருக்கும்.

அந்த மருந்து வந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் மடிநோய் வந்த பசு காலை நொண்டிக்கொண்டு, தீவனம் எடுக்காமல், கன்றைக் கூடக் கிட்ட விடாமல் நிற்கும். இந்த ஊசி போட்டால் சாயங்காலத்துக்குள் எழுந்து அசை போடும். வீட்டுக்காரர் முகத்தில் வரும் சிரிப்பு இருக்கிறதே, எனக்கு ஏதோ கைராசி என்று பேராகிவிட்டது. 30 மி.லி. பாட்டில். பையில் எப்போதும் இரண்டு கிடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிழைக்காது என்று தெரிந்த மாட்டுக்கும் போட்டிருக்கிறேன். சாகிற மாடு வலியில்லாமல் சாகட்டும் என்று. வீட்டுக்காரரும் ‘ஏதாவது ஒரு ஊசி போடுங்க சார்’ என்று கையைப் பிடிப்பார். சும்மா திரும்பி வர முடியுமா? மறுநாள் மாடு செத்துப் போகும், வண்டியில் ஏற்றித் திடலில் போடுவார்கள். அந்தத் திடலின் பனைமரத்தில் உட்கார்ந்திருக்கும் கழுகுகள் எப்போது காணாமல் போயின என்று நான் கவனிக்கவே இல்லை. நாய்கள் கூடியதைத்தான் கவனித்தேன், வண்டியை நிறுத்தப் பயமாக இருந்ததால்.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

ஊசிக்காரர் ஐயா சொன்ன அந்தச் சாகிற மாடுதான் விஷயத்தின் மையம். நான் மருந்தியல் பாடம் எடுப்பவன், கொஞ்சம் விளக்குகிறேன்.

டைக்ளோஃபெனாக் மாட்டின் உடம்பில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. சில நாளில் வெளியேறிவிடும். ஊசி போட்டுக் குணமாகி, இரண்டு வருடம் கழித்துச் செத்த மாட்டால் ஒரு ஆபத்தும் இல்லை. போட்ட ஓரிரு நாளில் செத்தால்தான் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து இருக்கும். ஆனால் கடைசிக் கட்டத்தில் இருக்கும் மாட்டுக்குத்தான் கட்டாயம் ஊசி விழும். சிகிச்சை முறையே சடலத்தில் மருந்து இருக்கும்படி அமைந்துவிட்டது.

பறவைகள் நம்மைப் போல யூரியாவாகக் கழிவை வெளியேற்றுவதில்லை. யூரிக் அமிலமாக, வெள்ளைக் குழம்பாக வெளியேற்றுகின்றன. மாயாற்றுக்கரை சொன்ன அந்தச் சுண்ணாம்பு எச்சம் அதுதான். சிறுநீரகம் செயலிழந்தால் அந்த அமிலம் வெளியே போக வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே படியும். செத்த பறவையை அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மேலுறையிலும் ஈரலிலும் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளையாக இருக்கும்.

இதைக் கண்டுபிடித்தது பாகிஸ்தானின் பஞ்சாபில். லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவரின் குழு. முதலில் வைரஸ் என்று நினைத்தார்கள், பூச்சிமருந்து என்று நினைத்தார்கள், கன உலோகம் என்று நினைத்தார்கள். எதுவும் சிக்கவில்லை. அப்புறம் மாட்டு வைத்தியத்தில் என்னென்ன மருந்து போடுகிறார்கள் என்று விசாரித்தபோதுதான் வழி கிடைத்தது. உள்ளுறுப்பில் வெள்ளை படிந்து செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள், 25இலும் டைக்ளோஃபெனாக். வேறு காரணத்தால் செத்த 13இல் ஒன்றில்கூட இல்லை. 2004இல் நேச்சர் இதழில் வந்தது.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் உள்ள வான்கோழிக் கழுகு இதே மருந்தைப் பல மடங்கு கொடுத்தாலும் தாங்கிக்கொள்கிறது. ஒரு பறவையில் சோதித்துவிட்டு ‘கழுகுகளுக்குப் பாதுகாப்பானது’ என்று முத்திரை குத்த முடியாது.

---

நாலு மாட்டுக்காரி எழுதியது:

எல்லாரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். நான் நாலு மாடு வைத்துப் பிழைப்பவள். ஒரு கேள்வி. எங்கள் பக்கத்தில் எத்தனையோ மாடு சாகிறது, எல்லாவற்றுக்குமா ஊசி போடுகிறோம்? நூற்றில் ஒன்று இருக்குமா? அதற்காகக் கோடிக்கணக்கில் கழுகு சாகும் என்றால் எப்படி நம்புவது? கடைசியில் பழி மாடு வளர்ப்பவர்கள் தலையில்தானே விடிகிறது.

---

கணக்குப்புலி எழுதியது:

அக்கா, நல்ல கேள்வி. இதே கேள்வியை ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். 2004இல் ரிஸ் கிரீன் குழு போட்ட கணக்கின்படி, 130 சடலத்துக்கு ஒன்றிலிருந்து 760க்கு ஒன்று வரை விஷமாக இருந்தாலே பார்த்த வேகத்தில் இனம் அழிந்துவிடும். நூற்றில் ஒன்றுகூட வேண்டாம்.

எனக்கும் நம்ப முடியாமல் கால்குலேட்டரை எடுத்தேன். 200க்கு ஒரு சடலத்தில் மருந்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாறு மூன்று நாளைக்கு ஒரு முறை தின்றால் வருடத்துக்கு 120 வேளை. ஒவ்வொரு வேளையும் தப்பிக்க 200இல் 199 வாய்ப்பு. 120 முறையும் தப்பிக்க வேண்டும் என்றால் மொத்த வாய்ப்பு சுமார் 55 சதவீதம்தான். ஒரே வருடத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காலி. ஐந்து வருடம் உயிரோடு இருந்தால்தானே குஞ்சு பொரிக்கும்? அதுவரை தப்புவது இருபதில் ஒன்று.

கூட்டமாகத் தின்னும் பறவை வேறு. ஒரு மாட்டில் ஐம்பது உட்காரும். ஆகவே உங்கள் பக்கத்தில் யாரும் அளவுக்கு மீறி ஊசி போட்டிருக்க வேண்டியதில்லை அக்கா. பழி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

நாலு மாட்டுக்காரி எழுதியது:

இருபதில் ஒன்றா. சரி, இப்போது புரிகிறது.

---

கற்பூரம் எழுதியது:

திருக்கழுக்குன்றத்தில் தினமும் உச்சி வேளையில் இரண்டு கழுகு வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியோடு வருவது நின்றுவிட்டது. கலி முற்றியதால் என்று சொன்னார்கள். அதுவும் இந்த ஊசிதானா?

---

மாயாற்றுக்கரை எழுதியது:

அவை மஞ்சள்முகப் பாறு, வேறு இனம். வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம். அந்த இனமும் அதே காலத்தில் வேகமாகக் குறைந்தது உண்மை. ஆனால் குறிப்பாக அந்த இரண்டு பறவைக்கு என்ன ஆனது என்று யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. நான் ஊசி என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பழைய இலக்கியத்தில் ‘எருவை’ என்று வருவதும் பிணந்தின்னிக் கழுகுதான். இத்தனை பெயர் வைத்திருந்த பறவையை இப்போது பொத்தாம் பொதுவாக ‘கழுகு’ என்று பருந்தோடு சேர்த்துவிடுகிறோம்.

---

கணக்குப்புலி எழுதியது:

கட்டுரையைப் படித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு இல்லை, ஆனால் நேற்றைய திமிர் இன்று இல்லை.

அவர்கள் பிணத்தை எண்ணவில்லை. மாவட்டங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, பாறு வாழத் தகுந்த, முன்பு நிறைய இருந்த மாவட்டங்கள். மற்றது, எப்போதுமே அவ்வளவாக இல்லாத மாவட்டங்கள். 1994க்கு முன்னால் இரண்டிலும் சாவு விகிதம் கிட்டத்தட்ட ஒரே போக்கில் போகிறது. மருந்து பரவிய பிறகு முதல் வகை மட்டும் மேலே விலகுகிறது. நான் சொன்ன மாதிரி நகரமயம், பொருளாதாரம் எல்லாம் மாறியது, ஆனால் அது இரண்டு வகை மாவட்டத்துக்கும் பொது. அந்த வித்தியாசம்தான் கணக்கு.

அதோடு நிற்கவில்லை. வெறிநோய்த் தடுப்பூசி விற்பனையைப் பார்த்தார்கள், அதே மாவட்டங்களில் கூடியிருக்கிறது. தெருநாய் எண்ணிக்கையும் அப்படியே. ஆற்றுநீரின் தரத்தையும் பார்த்தார்கள், அங்கேயும் சீர்கேடு. கால்நடை நிறைய இருந்த நகர்ப்புறங்களில்தான் அடி பலமாக விழுந்திருக்கிறது. சடலத் திடல் ஊரை ஒட்டி இருக்கும் இடங்கள் அவை. கதை பொய்யாக இருந்தால் இத்தனை துண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வாய்ப்புக் குறைவு.

என் குறை இரண்டு. ‘5 லட்சம் பேர்’ என்று செய்தித் தலைப்பில் போடும்போது ஏதோ ஊர் ஊராகப் போய் எண்ணிய மாதிரி ஆகிவிடுகிறது. இது ஒரு மதிப்பீடு, மேலே கீழே போகும். இரண்டாவது, இழப்பை வருடத்துக்கு 69.4 பில்லியன் டாலர் என்று பணமாக மாற்றியிருக்கிறார்கள். உயிருக்கு விலை போட்டுப் பெருக்கினால் வரும் எண் அது. பொருளாதாரக்காரர்களின் பழக்கம், எனக்குச் செரிக்கவில்லை.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

2008இல் அனில் மார்கண்டேயா குழு வேறு வழியில் ஒரு கணக்குப் போட்டது. நாய் பெருகியதையும் வெறிநோயையும் மட்டும் எடுத்துக்கொண்டு, 1992 முதல் 2006 வரை கூடுதலாகச் சுமார் 48,000 சாவு என்றார்கள். இரண்டு எண்ணும் இவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறதே?

---

கணக்குப்புலி எழுதியது:

ஒன்றோடு ஒன்று மோதவில்லை. அவர்கள் ஒரே ஒரு பாதையை எண்ணினார்கள். இவர்கள் எந்தப் பாதை என்று பார்க்காமல் எல்லாச் சாவையும் சேர்த்துப் பார்த்தார்கள், தண்ணீர் வழியாக வந்தது உட்பட. வயிற்றுப்போக்கில் செத்த குழந்தையை வெறிநோய்க் கணக்கில் தேடினால் கிடைக்காது. ஆனால் பத்து மடங்கு என்பது பெரிய இடைவெளிதான், அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இடைவெளியில் எந்த நோய் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஆய்வு வந்தால் நான் முழுதாக வாயை மூடிக்கொள்வேன்.

---

சும்மா வந்தவன் எழுதியது:

நீங்கள் வாயை மூடும் நாளை நாங்களும் பார்க்க வேண்டும்.

முட்டி வலிக்கு நான் தினமும் இந்த மருந்தைத்தான் தடவுகிறேன். நிறுத்தட்டுமா?

---

மருந்துப்பெட்டி எழுதியது:

கழுகுக்காக நிறுத்த வேண்டாம். உங்களைக் கழுகு தின்னப் போவதில்லை. (மும்பைப் பார்சிகளுக்கு மட்டும் இது வேடிக்கைப் பேச்சு இல்லை. அமைதிக் கோபுரத்தில் வைக்கும் உடலுக்குப் பாறு வராமல் போய், சூரிய வெப்பத்தைக் குவிக்கும் கருவி வைக்க வேண்டியதாயிற்று.) தினமும் தடவுகிறீர்கள் என்றால் உங்கள் சிறுநீரகத்துக்காக மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

---

மாயாற்றுக்கரை எழுதியது:

இப்போதைய நிலையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் மத்திய அரசு மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கான 30 மி.லி. பாட்டில் மருந்துக்கடையில் கிடைத்தது, அதையே வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் மனித ஊசியை 3 மி.லி. குப்பியாக மட்டும்தான் விற்க வேண்டும் என்று ஆணை. கம்பெனிகள் வழக்குப் போட்டன, சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அந்த ஆணை செல்லும் என்றது.

---

ஊசிக்காரர் எழுதியது:

அந்த 3 மி.லி. யோசனை யாருடையதோ, களத்தில் இருந்தவன் மூளை அது. ஒரு குப்பியில் 75 மில்லிகிராம். 300 கிலோ மாட்டுக்கு நாலு குப்பி உடைக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கழுத்தை ஒடித்து, சிரிஞ்சில் உறிஞ்சி, அதற்குள் மாடு இரண்டு முறை உதைத்திருக்கும். காசும் கூட. சட்டத்துக்குப் பயப்படாதவன்கூட இந்தத் தொல்லைக்குப் பயந்து மெலோக்சிகாம் என்ற வேறு வலி மருந்துக்கு மாறினான்.

மெலோக்சிகாம் பாறுகளுக்கு ஒன்றும் செய்யாது என்று 2006லேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். நானும் போட்டிருக்கிறேன். நல்ல மருந்து. ஆனால் வீட்டுக்காரருக்குப் பழைய ஊசியின் வேகம் பழகிவிட்டது. ‘அந்த மஞ்சள் லேபிள் பாட்டில் இல்லையா சார்’ என்று கேட்பார்கள்.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று வரும், அதுதான் என் கோபம். கீட்டோப்ரோஃபென் வந்தது, பாறுக்கு ஆகாது. அசெக்ளோஃபெனாக் வந்தது. அது மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது, வேஷம் மாற்றி வந்த அதே ஆள். இரண்டையும் மாட்டுக்குப் போடக் கூடாது என்று தடை செய்ய 2023 ஆகிவிட்டது. நிமிசுலைடும் இதே ரகம்தான், அதன் தடைக்கு 2024 கடைசி வரை காத்திருந்தோம். ஒவ்வொரு தடைக்கு முன்னாலும் செத்த பறவை சாட்சிக்கு வேண்டியிருக்கிறது. மாட்டு மருந்துக்கு உரிமம் கொடுக்கும் முன்பே பாறில் சோதித்தால் என்ன?

நம் ஊர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இவ்வளவும் தெரிந்த பிறகு ஸ்பெயின் 2013இல் மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்குக்கு அனுமதி கொடுத்தது. 2020இல் அங்கே செத்துக் கிடந்த ஒரு கரும்பாறின் உடலில் அதே மருந்து, அதே வெள்ளைப் படிவு.

---

நாலு மாட்டுக்காரி எழுதியது:

தொழுவத்து மாடத்தில் ஒரு பழைய பாட்டில் கிடக்கிறது. போன வருடம் கிடேரிக்குக் காய்ச்சல் வந்தபோது ஊசி போட வந்த ஒருவர் விட்டுப் போனது. பாதி இருக்கிறது. இப்போது எடுத்துப் பார்த்தேன். லேபிள் சாணி பட்டு அழிந்திருக்கிறது, கடைசியில் ‘...ஃபெனாக்’ என்று மட்டும்தான் தெரிகிறது. இது டைக்ளோவா, நீங்கள் சொன்ன இன்னொன்றா?

---

ஊசிக்காரர் எழுதியது:

எதுவாக இருந்தாலும் ஒன்றுதான் தாயி. மாட்டுக்குப் போடாதே, சாக்கடையிலும் ஊற்றாதே. மூடி இறுக்கமாக இருக்கிறதா பார்த்து, பையில் போட்டுக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துவிடு. அடுத்த முறை யார் ஊசி போட வந்தாலும் பாட்டிலை வாங்கிப் பெயரைப் படி. மெலோக்சிகாம் அல்லது டோல்ஃபெனாமிக் அமிலம் என்று இருந்தால் சரி. ரெண்டாவது பெயர் வாயில் நுழையாது, எழுதிச் சுவரில் ஒட்டி வை.

---

நாலு மாட்டுக்காரி எழுதியது:

கொடுத்துவிட்டேன் ஐயா. வாங்கியவர் ஒன்றும் கேட்கவில்லை, மேஜைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியில் போட்டார். எட்டிப் பார்த்தேன். உள்ளே அதே மாதிரி ஏழெட்டு கிடந்தது.